கதிரைக் கால்

எந்தக் கதிரையைக் கண்டாலும் அப்பா முதலில் குந்தியிருந்து அதன் அடிப்புறத்தைத்தான் பார்ப்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களோடு மூன்று மாதம் தங்குவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தபோதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் ஆஸ்டர்லி மாளிகை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தார் வாழ்ந்த வீடு. 1761 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் அதை அறை அறையாக மாற்றியமைத்தார். கூரையின் சுதை வேலை, தரைக் கம்பளம், கதவின் கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் அவரே வரைந்து கொடுத்தார். பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்தபடியே நடப்பார்கள். அப்பா அண்ணாக்கவே இல்லை. உணவறையின் சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த மகோகனிக் கதிரைகளின் முன்னால் போய்த் தரையில் குந்திவிட்டார்.

அங்கே தொண்டராக நின்ற வயதான அம்மையார் மெல்ல அருகில் வந்தார். "தொடமாட்டார், இவர் தச்சர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய டார்ச்சை எடுத்து நீட்டினார். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அப்பா வெளிச்சத்தை இருக்கைச் சட்டத்தின் உட்பக்கம் பாய்ச்சினார். கண்ணுக்குத் தெரியும் முகப்பு கண்ணாடிபோல் மினுங்குகிறது. உட்பக்கத்தில் மரம் அறுக்கும் வாள் ஓடிய தடம் அப்படியே இருக்கிறது. "எங்களைப் போலத்தான் செய்திருக்கிறார்கள்" என்றார். பிறகு எழுந்து, சாய்மானத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "பிள்ளை, முதுகில் யாழ் வைத்திருக்கிறார்களே."

உண்மைதான். கிரேக்கர்களின் லைர் என்னும் நரம்புக் கருவியைச் சாய்மானமாகச் செதுக்குவது ஆடம் காலத்துத் தளபாடங்களில் விருப்பமான வடிவம். இரண்டு வளைந்த கொம்புகளும் நடுவே நரம்புகளும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவருக்கு அதைப் பார்த்து வேறெந்தச் சொல் வரும்?

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் நாற்காலி என்பதை நாங்கள் கதிரை என்கிறோம். போர்த்துக்கீசரின் 'கதெய்ரா' எங்கள் வாயில் கதிரையானது. அவர்களுக்கு அது இலத்தீன் 'கதெத்ரா'விலிருந்து வந்தது. இலத்தீனுக்கோ கிரேக்கத்திலிருந்து. அப்பாவின் பட்டறையில் நாளுக்குப் பத்துமுறை புழங்கிய சொல் ஒரு கிரேக்கச் சொல் என்று எனக்குத் தெரிந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் உங்கள் சொல்லின் கூர்மையும் எனக்குப் பிடிக்கும். நான்கு கால் உடையது நாற்காலி. பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய கிரேக்க, உரோமக் கலையைப் பின்பற்றி 18ஆம் நூற்றாண்டில் செய்த, நவசெவ்வியல் தளபாடம் என்று இன்று நாம் சொல்கிறவற்றின் கதையையும் கதிரைக் காலை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

1750 அளவில் பாரிஸில் ஒரு நல்ல கதிரையின் கால் வளைந்திருந்தது. மேலே முழங்கால்போல் புடைத்து, நடுவில் உள்வாங்கி, பாதத்தில் மறுபடி வெளியே சுருளும் வளைவு. ஆட்டின் துள்ளலிலிருந்து பிறந்த 'கப்ரியோல்' என்ற பெயர் பின்னாளில் அதற்கு நிலைத்தது. ரொக்கோகோ என்ற அந்தப் பாணியில் நேர்கோடு என்பதே கிடையாது. சிப்பி, அலை நுரை, சுருண்ட இலை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடும். கால் எங்கே முடிகிறது, இருக்கைச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. மூட்டை மறைப்பதுதான் அதில் திறமை. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தடித்த ஒரு கட்டையிலிருந்து அந்த வளைவை வாளால் அறுத்தெடுத்து, பாதி மரத்தைச் சீவலாகக் கொட்டி, உளியால் உயிர் கொடுப்பது எளிதல்ல.

ஆனால் சலிப்பு வந்துவிட்டது. செதுக்கோவியரான ஷார்ல் நிக்கோலா கொஷன் 1754இல் ஒரு பத்திரிகையில் பொற்கொல்லர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மெழுகுவர்த்தியைத் தாங்கும் தண்டு நேராக இருக்கவேண்டியது, அதை யாரோ முறுக்கிவிட்டதுபோல் செய்யாதீர்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். அவருக்கு அப்படிக் கேட்கும் தைரியம் இத்தாலியில் கிடைத்தது. 1749 முதல் 1751 வரை, மன்னரின் கட்டடங்களுக்குப் பொறுப்பேற்கவிருந்த இளைஞரோடு அவர் அங்கே பயணம் செய்திருந்தார். பிற்காலத்தில் மரினி பிரபு என்று அறியப்பட்ட அந்த இளைஞர், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரின் தம்பி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிப்போட்ட ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பேயியை 1748இலும் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். மண்ணுக்கடியில் உரோமர்களின் சுவர்களும் விளக்குகளும் முக்காலிகளும் கிடைத்துக்கொண்டிருந்தன.

நவசெவ்வியல் பாணியின் முதல் தளபாடங்களுள் ஒன்று இன்றும் பாரிஸுக்கு வடக்கே ஷான்டியி கோட்டையில் இருக்கிறது. லலீவ் த ஜுலி என்ற கலைச் சேகரிப்பாளருக்காக 1750களின் பிற்பகுதியில் ஓவியர் லூயி ஜோசப் லு லொரென் வரைந்த எழுதுமேசை அது. கருங்காலி ஒட்டிய மேற்பரப்பு, தூண்போல் நேரான தடித்த கால்கள், பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் கயிறுபோல் தொங்கும் மாலைகள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்ப்பைத் தெரிவிக்க எழுந்து நின்றவரின் உடம்பில் இருக்கும் விறைப்பு அதில் இருக்கிறது. ஆனால் பாரிஸ் அதன் பின்னால் போனது. 1763இல் கிரிம் என்ற எழுத்தாளர், இன்று எல்லாமே கிரேக்க பாணியில்தான் என்று எழுதினார். பெண்களின் கூந்தல் அலங்காரம் முதல் மூக்குப்பொடிப் பெட்டி வரைக்கும் அந்த மோகம் பரவியிருந்தது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. கிரேக்கத்தைப் பின்பற்ற விரும்பிய அந்தத் தச்சர்களிடம் கிரேக்கக் கதிரை ஒன்றுகூட இல்லை. மரம் உக்கிப்போய்விட்டது. எஞ்சியிருந்தவை கல்லும் வெண்கலமும் சுடுமண்ணும்தான். ஆகவே கோயிலைப் பார்த்துக் கதிரை செய்தார்கள். கால் ஒரு சிறு தூணாயிற்று. கடைசலில் உருட்டி, கீழே போகப்போக மெலியவிட்டு, கல்தூணில் இருப்பதுபோல் நெடுக்குப் பள்ளங்கள் இழுத்தார்கள். மேசையின் விளிம்பில் கோயில் விதானத்தின் சாவிக் கோலம் ஓடியது. பலிபீடத்து ஆட்டுக்கடாத் தலை அலுமாரியின் மூலையில் ஏறியது. இதில் இன்னொரு சுற்று உண்டு. கிரேக்கரின் கற்கோயில் அலங்காரங்களே பழைய மரக் கோயில்களின் விட்ட முனைகளைக் கல்லில் நகல் எடுத்தவை என்று உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். அவர் சொன்னபடி பார்த்தால், தச்சனிடமிருந்து கல்தச்சனுக்குப் போன வடிவம் ஈராயிரம் ஆண்டு கழித்துத் தச்சனிடமே திரும்பி வந்திருக்கிறது.

கால் நேரானதும் மூட்டும் வெளியே வந்தது. பிரெஞ்சுக் கதிரைகளில் கால் சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் ஒரு சதுரக் கட்டையைக் காணலாம். நடுவில் ஒரு சிறு பூ செதுக்கியிருக்கும். அந்தக் கட்டைக்குள்தான் இரண்டு பக்கத்துச் சட்டங்களின் நாக்குகளும் வந்து இறங்குகின்றன. ரொக்கோகோ மறைத்துவைத்த இடத்தை இவர்கள் பூ வைத்துக் காட்டினார்கள். இது எனக்கு வெறும் அலங்காரமாகத் தெரியவில்லை. ஒரு கதிரை எப்படி நிற்கிறது என்பதை அதில் உட்காருகிறவருக்குச் சொல்லிவிடும் பண்பு அது. நவசெவ்வியல் பாணியை நான் நேசிப்பதற்கான முதல் காரணம் அந்தச் சதுரக் கட்டைதான்.

பாரிஸ்காரர்கள் இந்தப் பாணிக்குப் பதினாறாம் லூயி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் 1774இல் அரியணை ஏறும்போது வயது 19. பாணிக்கோ ஏற்கெனவே பதினைந்து வயதுக்கு மேல். பெயர் யாருக்குப் போயிருக்கவேண்டும் என்று கேட்டால் ஜான் ஹென்ரி ரீஸனர் என்பேன். 1734இல் ஜெர்மனியின் கிளாட்பெக்கில் பிறந்து, பாரிஸுக்கு வந்து, ஓபென் என்ற பெரிய தச்சரின் பட்டறையில் சேர்ந்தவர். பதினைந்தாம் லூயிக்காக ஓபென் 1760இல் ஓர் எழுதுமேசையைத் தொடங்கினார். 1763இல் ஓபென் இறந்தார். ரீஸனர் பட்டறையை நடத்தினார், ஓபெனின் மனைவியை மணந்தார், 1769இல் மேசையை முடித்துக் கொடுத்தார். ஒன்பது ஆண்டு வேலை. சாவியை ஒருமுறை திருப்பினால் உருளை மூடியும் இழுப்பறைகளும் சேர்ந்து திறக்கும். அதன் கால்கள் இன்னும் வளைந்துதான் இருக்கின்றன. பழையதும் புதியதும் ஒரே உடம்பில் இருக்கும் அந்த மேசை இன்று வெர்சாயில் இருக்கிறது.

1780களில் அவர் பதினாறாம் லூயியின் அரசி மரி அந்துவானெத்துக்காகச் செய்தவற்றில் சில லண்டனின் வாலஸ் சேகரிப்பில் இருக்கின்றன. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. லண்டனில் இருக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கால்கள் இப்போது நேராகிவிட்டன. முகப்பில் மெல்லிய மரத்தகடுகளை வெட்டிப் பதித்துச் செய்த பூக்களும் சாய்சதுரக் கட்டங்களும். இன்று எல்லாம் தேன் நிறத்திலும் பழுப்பிலும் அமைதியாகத் தெரியும். அது காலம் செய்த வேலை. பட்டறையை விட்டு வெளியேறியபோது இலை பச்சையாகவும் பூ சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருந்தன. சாயம் ஊற்றிய மரத்தகடுகள் அவை. வெளிச்சம் படாத உட்புறங்களில் அந்தப் பழைய நிறங்கள் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செவ்வியல் என்றால் அடக்கமான நிறம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில் பாதி, வெயில் வெளுத்ததால் வந்த எண்ணம்.

புரட்சி வந்தது. 1793 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையின் பொருள்களை ஏலம் விடத் தொடங்கினார்கள்; 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகள், ஓராண்டு நீண்ட ஏலம். ரீஸனர் தம் கையால் செய்தவற்றில் சிலவற்றைத் தாமே ஏலத்தில் எடுத்தார். மறுபடி விற்கலாம் என்று நம்பினார். வாங்க ஆள் இல்லை. காலம் வேறு பாணிக்குப் போய்விட்டது. 1794இல் புரட்சி அரசு அவரையே வெர்சாய்க்கு அனுப்பி, தளபாடங்களிலிருந்த அரச சின்னங்களை அகற்றச் சொன்னது. தாம் பதித்ததைத் தம் உளியாலேயே பெயர்க்கவேண்டியிருந்தது. 1806இல் இறந்தார். இதை வாசித்த நாளில் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. இடம்பெயர்ந்த ஆண்டில் பட்டறையில் முடியாமல் விட்டுவந்த இரட்டைக் கட்டிலைப் பற்றி மட்டும் பிறகு ஏதோ சொன்னார்.

இங்கிலாந்தில் பெயர்கள் தச்சர்களுக்கே கிடைத்தன. ஆனால் விசித்திரமான முறையில் கிடைத்தன. கேடய வடிவச் சாய்மானம் என்றதும் ஜார்ஜ் ஹெப்பிள்வைட் என்பார்கள். அவர் 1786இல் இறந்தார். மனைவி அலிஸ் 1788இல் வெளியிட்ட வடிவ நூலால்தான் அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. இது அவர் செய்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு கதிரைகூட இன்று இல்லை. தாமஸ் ஷெரட்டன் 1791 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூல் அட்லாண்டிக் கடந்து அமெரிக்கப் பட்டறைகள்வரை போனது; அவரோ ரீஸனர் இறந்த அதே 1806இல் வறுமையில் இறந்தார். அலிஸைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

தாமஸ் சிப்பெண்டேல் அப்படி அல்ல. அவருடைய கணக்குகள் இருக்கின்றன. யார்க்ஷயரில் லீட்ஸுக்கு அருகிலுள்ள ஹேர்வுட் மாளிகைக்கு அவர் 1773இல் செய்துகொடுத்த ஓர் இழுப்பறை அலுமாரிக்கு 86 பவுண் எழுதியிருக்கிறார். டயானா, மினெர்வா என்ற இரண்டு தேவியரின் உருவங்களை யானைத் தந்தமும் மரத்தகடும் கொண்டு அதன் முகப்பில் பதித்திருக்கிறார்கள். நான் ரயிலில் போய், மழையில் நடந்து, அதைப் பார்த்தேன். அதன் பின்னணி முழுவதும் பொன்மஞ்சள் சாட்டின்வுட். பார்த்த கணத்தில் நெஞ்சு துள்ளியது. எங்கள் வீட்டு முன்கதவின் நிறம் அது. முதிரை! வன்னிக் காட்டு முதிரை. கறையான் தொடாது, ஆணி இலகுவில் இறங்காது, இழைத்தால் பட்டுத்துணிபோல் ஒளி அலையும். ஆங்கிலேயர் அதைச் சிலோன் சாட்டின்வுட் என்பார்கள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் என் மகிழ்ச்சி திருத்தப்பட்டது. 1770களில் ஆங்கிலேயத் தச்சர்கள் புழங்கிய சாட்டின்வுட் பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளின் வேறொரு மரம். முதிரை லண்டனுக்கு வரத் தொடங்கியது அந்த நூற்றாண்டின் இறுதியில்தான். 1796இல் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்குக் கைமாறியது. அதன் பிறகான தளபாடங்களில்தான் எங்கள் முதிரையையும், கருங்காலி இனத்துக் கலமாந்தரையும் தேடவேண்டும். கபிலத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும் அந்தக் கலமாந்தர் மரத்தை ஐரோப்பாவில் கோரமண்டல் என்றும் அழைத்தார்கள், சோழமண்டலக் கரையின் பெயரால். வெட்டி வெட்டி, இன்று இலங்கைக் காட்டிலேயே அதைக் காண்பது அரிதாகிவிட்டது.

மேற்கிந்தியத் தீவு என்று ஒரு வரியில் கடந்துவிட எனக்கு மனமில்லை. மகோகனி ஏன் மலிவாகக் கிடைத்தது? அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் மரத்துக்கு 1721இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இறக்குமதி வரியை நீக்கியது. ஜமைக்காவிலும் பின்னர் ஹொண்டுராஸ் விரிகுடாவிலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய லசெல்ஸ் குடும்பத்தின் செல்வமே கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வியாபாரத்திலும் சேர்ந்தது. அந்த அலுமாரியின் முன் நான் நின்றபோது இரண்டும் ஒன்றாகத்தான் கண்ணில் பட்டன. வேலையின் நேர்த்தியைப் பார்த்துக் கண் கலங்கியது. மரத்தை வெட்டியவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லையே என்பதும் உறுத்தியது.

இனிக் கால் மறுபடியும் வளைந்த கதை. கிரேக்கப் பானை ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் பெண்கள் ஒரு கதிரையில் அமர்ந்திருப்பார்கள். கிளிஸ்மோஸ் என்பது அதன் பெயர். அதன் நான்கு கால்களும் போர்வாளின் வளைவோடு வெளிப்புறம் விரியும். சாய்மானம் தோளை அணைத்தபடி வளையும். பிரித்தானியத் தூதர் வில்லியம் ஹாமில்டன் இத்தாலியில் சேர்த்த பானைகளை 1772இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. அவற்றின் சித்திர நூல்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. 1780களின் இறுதியில் ஓவியர் ஜாக் லூயி டேவிட், தம் உரோமக் காட்சிகளுக்கு முன்மாதிரியாக வைத்துக்கொள்ள, ஜோர்ஜ் ஜாக்கோப் என்ற கதிரைத் தச்சரிடம் பழைய பாணித் தளபாடங்களைச் செய்வித்தார். கோபன்ஹேகனில் ஓவியர் அபில்கார் தமக்கென்றே கிளிஸ்மோஸ்களை வடிவமைத்தார். லண்டனில் கலைச் சேகரிப்பாளர் தாமஸ் ஹோப் 1807இல் தம் வீட்டுத் தளபாடங்களை நூலாக்கினார். அவர்கள் எவரும் ஏதென்ஸில் உள்ள, ஹெகெசோ என்ற பெண்ணின் கல்லறைப் பலகையைப் பார்த்ததில்லை. கிளிஸ்மோஸின் மிகத் தெளிவான உருவம் அதில்தான் இருக்கிறது. அதுவோ 1870இல்தான் மண்ணிலிருந்து வெளிவந்தது.

நெப்போலியன் காலத்து எம்பயர் பாணியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கழுகும் சிங்கப் பாதமும் ஸ்பிங்ஸும் சுமந்து தளபாடம் கனத்துவிட்டது. அதில் தச்சனைவிடப் படைத்தளபதியே அதிகம் தெரிகிறார்.

ஹெகெசோவின் படத்தை அப்பாவுக்குத் தொலைபேசியில் அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். "இந்தக் காலைப் பலகையில் அறுத்தால் நிற்காது, பிள்ளை. வளைவில் நார் குறுக்கே அறுந்துபோகும். கணுக்காலில் முறியும்." சரியாகத்தான் சொன்னார். 1800களில் இங்கிலாந்தில் செய்த வாள்வளைவுக் கால்கள் தடிப்பாகவும் வளைவு குறைந்தும் இருப்பதற்குக் காரணம் அதுதான். அப்படியிருந்தும் முறிந்து ஒட்டியவை ஏராளம். கிரேக்கர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். "வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டியவர்கள் வங்குக்கு, அந்த வளைந்த விலாச் சட்டத்துக்கு, எப்படி மரம் எடுத்தார்கள்? வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப்போய் எடுப்பார்கள். இவர்களும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள்" என்றார்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. முதலில் முதிரைத் துண்டு ஒன்றில் ஒரு காலை அறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் உட்கார்ந்து சோதித்தபோது அவர் சொன்ன இடத்திலேயே வெடித்தது. அதன் பிறகு வேலியோரத்துப் பூவரசுகளைப் பார்த்துக்கொண்டு ஊரெல்லாம் சைக்கிளில் திரிந்திருக்கிறார். போன ஆவணியில் இணுவிலில் ஒரு வளவில், ஒரே அளவில் வளைந்த இரண்டு கிளைகளைக் கண்டுபிடித்து, வீட்டுக்காரரிடம் கேட்டு வெட்டிக்கொண்டு வந்தார். நெடுக்கே பிளந்தால் நான்கு கால். இப்போது அவை பட்டறைக் கோடியில், நிழலில், வெட்டுமுகத்தில் மெழுகு பூசியபடி சாத்தியிருக்கின்றன. காய இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறார். சாய்மானத்தின் வளைவுக்கு அளவு வேண்டுமாம். அந்தக் கல்லில் இருக்கும் பெண்ணின் தோளகலத்தைக் கணக்கிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.